ரொட்டித் தகரத்தின் பின்பாதி

அப்பா போன மாதம் இறந்தார். பெயர் எர்னஸ்ட் டஃப்னல். கிரிம்ஸ்பி பேருந்துப் பணிமனையில் டீசல் மெக்கானிக்காகச் சேர்ந்தார், அங்கேயே ஓய்வு பெற்றார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார் என்பது அடக்கத்தன்றுதான் தெரிந்தது. அன்று வந்திருந்த அல்ஃபி கேம், போரில் அப்பாவோடு ஒரே படகில் இருந்தவர், அதைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

கடற்படையில் அப்பாவுக்குக் கிடைத்தது டாங்கிகளைக் கரையில் இறக்கும் படகு. படகு என்றாலும் சின்னக் கப்பல் அளவு. தட்டையான அடி, திறந்த வயிறு, முன்னால் கீழே சாயும் கதவு, பின்னால் இரண்டு என்ஜின், அவை அப்பாவின் பொறுப்பு. கடற்படை அதற்கு எண் மட்டும் கொடுத்திருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் ரொட்டித் தகரம் என்று கூப்பிட்டார்கள். மூன்று துண்டுகளாகக் கட்டி போல்ட் போட்டு இணைத்தது. நான் கப்பல் தகடுகளின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர். அந்த இணைப்புகளுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் அன்று நாட்டுக்கு அவசரம்.

கரையை நெருங்கும்போதே பின்புறம் நங்கூரத்தைப் போட்டுவிடுவார்கள். அதன் இரும்பு வடம், அதைச் சுற்றி இழுக்கும் விஞ்சு என்ற உருளையிலிருந்து ஓடிக்கொண்டே போகும். மூக்கு மணலில் ஏறியதும் கதவை இறக்கி டாங்கிகளை வெளியே விடுவார்கள். திரும்பும்போது என்ஜின் பின்னோக்கி ஓடும். அந்த அதிர்வு காலில் ஏறியவுடன் விஞ்சுக்காரர் வடத்தை இழுக்க வேண்டும். யாரும் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் படகு அலையில் திரும்பிக் கரையோடு படுத்துவிடும். விஞ்சில் இருந்தவர் அல்ஃபி. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் அவர் தாமதித்ததில்லை.

படகின் தலைவர் பெல்லமி அப்பாவைவிட இளையவர். வங்கியில் எழுத்தராக இருந்து வந்தவர். கேட்க வேண்டியதைக் கேட்பார், பதில் கிடைத்தபின் தயங்க மாட்டார் என்று அப்பா சொல்வார். அப்பாவிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

ஜூன் மாதப் புயல் பிடித்தபோது ரொட்டித் தகரம் டாங்கிகளை இறக்கிவிட்டு வெறுமையாக இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காலையில் முன்கதவின் சங்கிலி தளர்ந்தது. அதை முடுக்க நாரி வேக்லம் என்ற மாலுமி முன்னால் போனார். அவர் அங்கே இருக்கும்போதே, என்ஜின் அறைக்குச் சற்று முன்னால், மேல்தளம் குறுக்காகப் பிளந்தது. அடித்தகடு மட்டும் கீல் மாதிரி இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. பிளவு ஒவ்வொரு அலைக்கும் வாயைத் திறந்து மூடியது. அதைத் தாண்ட முடியாது.

பெல்லமி விஞ்சிலிருந்த வடத்தின் நுனியை நங்கூரத்திலிருந்து கழற்றி முன்னால் கொண்டுவரச் சொன்னார். நுனியை வேக்லமிடம் எறிந்தார்கள். அவர் தன் பக்கத்துத் தூணில் கட்டினார். அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இந்தப் பக்கம் வர வேண்டும். வடம் தொய்யாமலிருக்க பெல்லமி என்ஜினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். கீழே அப்பா ஓட்டினார்.

அல்ஃபியின் காலில் அதிர்வு ஏறியது. கை பழக்கத்தில் விஞ்சை ஓட்டி வடத்தை இழுத்துவிட்டது.

வடம் அறுந்தது. அடித்தகடு கிழிந்தது. முன்பாதி வேக்லமோடு விலகிப் போனது.

இப்போது என்ஜின் அறையின் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். பெல்லமி ஏணியில் இறங்கி வந்தார்.

"டஃப்னல், இந்தச் சுவர் நிக்குமா?"

"முட்டுக் கொடுத்தா நிக்கும் சார். முன்னாடி மட்டும் ஓட்டச் சொல்லாதீங்க."

"வேக்லம் அதுல இருக்கான். அவன் பின்னால போகலாமா, இல்ல இருக்கிறவங்களைக் கரை சேர்க்கவா? உங்க வார்த்தைதான்."

"போங்க சார். ஆளு ஏறுற வரைக்கும் சுவர் நிக்கும். அதுக்கு நானாச்சு."

பெல்லமி ஏறிப் போனார். அல்ஃபி ஏணியடியில் நின்றார்.

"நான்தான் இழுத்துட்டேன் அண்ணே. யோசிக்கவே இல்ல."

"தெரியும். சாப்பாட்டு மேசையைக் கழட்டிக்கிட்டு வா."

"அவன் செத்துட்டான்னா?"

"செத்தா அழுதுக்கலாம். இப்ப மேசை."

மேசை, பெஞ்சுகள், டாங்கிச் சக்கரத்துக்கு அடை வைக்கும் கட்டைகள் எல்லாம் முட்டாகின. அல்ஃபி ஆப்பு அடித்தார். அந்தச் சுவரை நான் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். முட்டு இல்லாவிட்டால் மடிந்திருக்கும். முட்டோடு, அலை நேராக மோதாதவரை நிற்கும். அதனால் பாதிக் கப்பலைப் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். பின்புறம் அலையில் தூக்கியபோதெல்லாம் கப்பலை உந்தும் விசிறிகள் காற்றில் சுழன்று என்ஜின் அலறும். அப்பா ஒவ்வொரு முறையும் எரிபொருளைக் குறைத்து, தண்ணீரில் இறங்கியதும் மறுபடி கூட்டினார். சுவர் ஓரங்களில் கசிந்தது. அவர் அதற்கு முதுகு காட்டித்தான் நின்றாராம்.

முன்பாதி அருகே வந்ததும் அல்ஃபியை மேலே அனுப்பினார். கயிறு எறிவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் வீச்சு காற்றில் போனது. அடுத்ததை வேக்லம் பிடித்தார், இடுப்பில் கட்டினார், குதித்தார். அல்ஃபி இழுத்தார். தளத்தில் விழுந்து உப்புத் தண்ணீரைக் கக்கியபின் வேக்லம் கேட்டது இது:

"எவன்டா வடத்தை இழுத்தது?"

"நான்."

"இப்ப கயித்தை?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கணக்குத் தீந்துச்சு. டீ போடு."

பெல்லமி பேச்சுக் குழாய் வழியாகக் கீழே அப்பாவிடம் கேட்டார்: போர்ட்ஸ்மத் துறைமுகம் வரை போகலாமா?

"இல்ல சார். ஆளு ஏறுற வரைக்கும்னுதான் சொன்னேன். இழுவைக் கப்பலைக் கூப்பிடுங்க."

இழுவைக் கப்பல் ஒன்று பார்வையிலேயே இருந்தது. எல்லோரும் அதற்கு மாறிய பிறகு அப்பா இரண்டு என்ஜின்களையும் முறைப்படி நிறுத்தி, எரிபொருள் குழாயை அடைத்துவிட்டு வந்தார். மூழ்கப் போகிறதற்கு எதற்கு அண்ணே என்று அல்ஃபி கேட்டாராம். ஓடுகிற என்ஜினை விட்டுவிட்டுத் தான் எங்கும் போனதில்லை என்றாராம். கொஞ்ச நேரத்தில் சுவர் போனது. பின்பாதி நிமிர்ந்து நின்று இறங்கியது. முன்பாதி மிதந்து மற்ற கப்பல்களுக்கு இடைஞ்சலாகாதபடி ஒரு போர்க்கப்பல் அதைச் சுட்டு மூழ்கடித்தது.

இழுவைக் கப்பலின் சமையலறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெல்லமி தலைகளை எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. பிறகு, மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், வடம் எப்படிப் போனது என்று கேட்டார். அல்ஃபி எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"அறுந்துருச்சு சார்."

பெல்லமி அந்த நேரம் மேலே சுக்கானருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். அப்பாவைப் பார்த்தார், அல்ஃபியைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "புயல்ல அறுந்துருச்சு."

அல்ஃபி நின்றுகொண்டே இருந்தார். வேக்லம் அல்ஃபியின் டீயையும் எடுத்துக் குடித்து முடித்தார்.