சித்தப்பா பேசிய ஜப்பான் மொழி

வடக்கே போர்வெல் லாரியில் வேலைக்குப் போயிருந்த சித்தப்பா நான்கு வருஷம் கழித்துக் கொல்லிமலைக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலேயேதான் தங்கினார். ஆனால் அப்பா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா இறந்தபோது சித்தப்பா வந்து சேரவில்லை என்ற கோபம் அவருக்கு. இருவருக்கும் நடுவில் நான்தான் தபால். சித்தப்பா நாலடி தூரத்தில் நிற்கும்போதே, "மம்பட்டிய எங்க வெச்சான்னு உங்க சித்தப்பன கேளு கண்ணு" என்பார் அப்பா.

சித்தப்பா ஒரு டிவிடி பிளேயரும் ஒரு பை நிறையப் படங்களும் கொண்டுவந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஒன்றைப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம். உச்சிக் கொண்டையும் இடுப்பில் இரண்டு கத்தியுமாக ஆட்கள் விறைப்பாக நடந்தார்கள். சாமுராய் என்றார் சித்தப்பா. பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. நானும் அம்மாவும் எழுந்திருக்கப் பார்த்தோம்.

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியுங்க அண்ணி. உக்காருங்க, நான் சொல்றேன்."

லாரியில் கூட வேலை செய்தவர்களில் ஒரு ஜப்பான்காரன் இருந்தானாம். நம்பினோம்.

திரையில் வாய் அசைய அசைய அவர் பேசினார். கத்தியை உருவிக்கொண்டு வந்த சாமுராய், "ஏனுங்க, கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று கேட்டான். எதிரி, "இல்லீங்க, இது எங்க ரோடு" என்றான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றிப் பத்துப் பேர் நிற்க, காற்றில் புழுதி பறக்க, நடுவில் சாமுராய் மட்டும் அசையாமல் நின்றபோது நான் கத்தினேன்: "இது நம்ம ஊர்ப் படத்துல வர்ற சண்டை! பொங்கலுக்கு டிவில பாத்தமே!"

"ஆமா கண்ணு, நம்மகிட்ட இருந்து திருடிட்டானுங்க."

அப்பா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் படத்தில் மழை பிடித்தது. சாமுராய் நனைந்தபடி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு பெரியவர் அவனைத் திரும்பியும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு சாமுராய்க்காகப் பேசினார்.

"அண்ணா, சிக்னல் இல்லாத காட்டுல லாரி நின்னுச்சுங்க. சேதி எனக்குத் தெரியவே ஒம்பது நாளாயிருச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரதுன்னு தெரியலீங்க."

அந்தக் காலத்தில் சாமுராய்க்கு ஏது லாரி என்று நான் கேட்டேன். அம்மா முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

அப்பா எழுந்து உள்ளே வந்தார். டிவியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கு அந்தப் பெரியவரு என்னடா சொல்றாரு?"

வந்த நாளிலிருந்து தம்பியிடம் அவர் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவரு இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்கண்ணா."

"சாப்பிட வரச் சொல்றாரு. போய்க் கை கழுவிட்டு வா."

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா டிவியை அணைத்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

பல வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு மத்தியானம் அதே படத்தைப் போட்டார்கள். அப்பா பிறப்பதற்கு முன்பே வந்த படமாம். குதிரையில் வரும் அமெரிக்க வீரர்களும், பம்பாய்க் கதாநாயகர்களும், நான் பொங்கலுக்குப் பார்த்த நம் ஆளும் இந்த மாதிரிச் சாமுராய்களைப் பார்த்துத்தான் அப்படி நிற்கக் கற்றுக்கொண்டார்கள் என்று ஆசிரியர் விளக்கினார். எங்கள் வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மழைக் காட்சி வந்தது. அந்தப் பெரியவர் சாமுராய்க்கு உறவே இல்லை. அவன் மழைக்கு ஒதுங்கியிருக்கிறான், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையின் அடியில் எழுத்து எதுவும் வரவில்லை, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசிச் சண்டையைப் பார்க்க விடாமல் கெடுத்துவிட்டார்கள் என்று நான் மட்டும் எனக்குச் சோறே வேண்டாமென்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.