சொல்லாமல் கொடுத்த மாத்திரை

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தேன். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம் அது. கொய்னா மரம் விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட பிறகு, அதற்குப் பதிலாக மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை வந்தது.

எனக்கு மருந்துப் பாடம் என்றால் கொள்ளை ஆசை. எந்த மருந்து உடம்பில் என்ன செய்யும், கூடவே என்ன தொந்தரவு கொடுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வாயும் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் காலை வகுப்பில் சிஸ்டர் இந்தப் புது மாத்திரையின் பக்கவிளைவுகளைக் கேட்டார். நான் ஒருத்திதான் எழுந்தேன். வயிற்றைப் புரட்டும், சிலருக்குச் சித்தம் தடுமாறும், நாள்பட்டால் தோல் மஞ்சளாகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிடும், இதில் கண் வெள்ளையாகவே இருக்கும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். படித்தால் இப்படிப் படிக்க வேண்டும் என்று சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மத்தியானமே என் வார்டிலிருந்து ஒரு பெண் வீட்டுக்குக் கிளம்பினாள். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஏதோ ஒரு கிராமம். புருஷனும் அவளும் கூலிக்கு வயல்வேலை செய்கிறவர்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். குளிர்ஜுரத்தில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்தவள், பத்து நாளில் பக்கத்துப் படுக்கைக்காரிக்குப் பேன் பார்க்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். காய்ச்சல் திரும்பாமல் இருக்க வீட்டிலும் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வர வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதை விளக்கிச் சொல்லிக் கொடுத்தனுப்புவது என் வேலை.

அவள் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது என்னத்துக்கு நர்சம்மா இம்புட்டு மஞ்சளா இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள்.

காலையில் ஒப்பித்ததில் பாதியைச் சொல்லியிருந்தால் போதும். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் உள்ளதைச் சொன்னால் பட்டிக்காட்டு ஜனங்கள் மிரண்டுபோய் மாத்திரையைத் தொடவே மாட்டார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, என் தலைக்கனத்தில் நானாக வளர்த்துக்கொண்டது. "கேள்வி கேக்காம முழுங்கு" என்றேன். புருஷனிடம் மட்டும் கறாராகப் பேசினேன். சண்டைக் காலம், இது கிடைக்காத மருந்து, ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது என்றேன். அவர் மாத்திரைப் பொட்டலத்தைத் துண்டின் நுனியில் முடிந்துகொண்டு, சரி சரி என்று தலையாட்டினார்.

ஐந்தாறு வாரம் இருக்கும். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் மடியில் கிடத்தி, புருஷன் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார். அவளுக்கு நினைவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஆபத்துக்கென்று வைத்திருந்த கொய்னா ஊசியைப் போட்டார். மாத்திரை கொடுத்தீர்களா என்று நான் புருஷனைக் கேட்டேன். கேட்கும்போது என் குரலில் அதட்டல் இருந்தது. அது இன்றைக்கும் என் காதில் விழுகிறது.

"குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நர்சம்மா. ரெண்டு மூணு வாரத்துல மேலு பூரா மஞ்சப் பூத்துருச்சு. காமாலைன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாக. காமாலைக்கு இங்கிலீசு மருந்து ஆகாதுல்ல. அதான் நிப்பாட்டிட்டு, கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுத்தேன்."

அவள் பக்கத்தில் போய் இமையை விலக்கிப் பார்த்தேன். தோலில் மஞ்சள் இன்னும் லேசாக மிச்சம் இருந்தது. கண் வெள்ளையாக இருந்தது. இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

மறுநாள் உச்சிப் பொழுதில் அவள் போய்விட்டாள்.

உடம்பை எடுத்துப் போக வண்டி வந்து நின்றபோது அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். துண்டின் முடிச்சை அவிழ்த்து, மீதி மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் கட்டிக் கொடுத்த அதே காகிதம், கிழியாமல் இருந்தது.

"கிடைக்காத மருந்துன்னு சொன்னீகள்ல. ஒண்ணக்கூட வீணாக்கல. வேற யாருக்காச்சும் ஆகும்" என்றார். பிறகு, "காமாலை ரொம்ப முத்திப்போச்சு போல, இல்ல நர்சம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உண்மையைச் சொன்னால் தன் கையாலேயே நிறுத்திவிட்டோமே என்று அந்த மனிதர் உடைந்துபோவார், அதனால்தான் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். குற்றம் என்னுடையது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். சிஸ்டரிடம்கூட வாய் திறக்கவில்லை. அந்த வருஷப் பரீட்சையில் இதே மாத்திரையைப் பற்றிக் கேள்வி வந்தது. ஒரு வரி விடாமல் எழுதினேன்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சொல்லாமல் ஒரு மாத்திரைகூட யார் கையிலும் கொடுத்ததில்லை. இதைச் சாப்பிட்டால் சிறுநீர் நிறம் மாறும், இதற்குத் தலை சுற்றும், பயப்படாதே, நிறுத்தாதே, சந்தேகம் வந்தால் ஓடி வா என்று படுக்கை படுக்கையாக நின்று சொல்வேன். தொணதொணப்பு நர்ஸ் என்று எனக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனாலும் திருச்சி போகிற பஸ் கொட்டாம்பட்டியில் நிற்கும்போதெல்லாம் என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடிவதில்லை. அவர் உயிரோடு இருந்தால், தன் மனைவி காமாலையில்தான் போனாள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்.