எதிர் நடைமேடையில் நின்றவர்

திருத்தணி ரயில் நிலையத்தில் எந்தத் தூணுக்கு நேராக நின்றால் பெண்கள் பெட்டியின் கதவு வந்து நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதினெட்டு வருடமாக அங்கிருந்துதான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வாஷர், போல்ட், ஸ்பிரிங் என்று தட்டில் வருவதைப் பார்த்து, பிசகு இருப்பதைத் தனியே எடுத்துப் போட வேண்டும். நாள் முழுக்கப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைக் கேட்டுவிட்டு இவளுக்குக் கண் தெரியாதா என்று யாரும் கேட்க வேண்டாம்.

நிலையம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஊர்ப் பக்கமாக நுழைந்தால் டிக்கெட் கொடுக்கும் இடம், அதைத் தாண்டினால் முதல் நடைமேடை. நடுவில் தண்டவாளங்கள், அப்பால் எதிர் நடைமேடை. இரண்டையும் சேர்க்கத் தலைக்கு மேல் ஒரு பாலம். ஒரு முனையில் தண்டவாளம் அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. மறுமுனையில் ரேணிகுண்டாவுக்கு, அங்கிருந்து திருப்பதிக்கு. வெள்ளைக்காரன் மெட்ராசையும் பம்பாயையும் சேர்க்கப் போட்ட தடம் என்று நைனா சொல்வார். நடுவில் ஊர் ஆந்திராவில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. மின்சார ரயிலும் வெகுகாலம் அரக்கோணத்தோடு நின்றுவிட்டு, பிறகுதான் எங்கள் ஊர் வரைக்கும் நீண்டது. என்னைப் போன்றவர்கள் பாஸ் எடுத்துக்கொண்டு தினமும் போய்வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் லுங்கிகளை வாங்கி மூட்டை கட்டி, பஸ் கூரையில் போட்டுத் திருத்தணிக்குக் கொண்டுவந்து, பாசஞ்சரில் ஏற்றிச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். வயதாகிக் கால் தளரும் வரை அதுதான் தொழில். அவர் காலத்தில் மெட்ராஸ் பாசஞ்சர் பெரும்பாலும் எதிர் நடைமேடையில்தான் வருமாம். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பாலம் ஏறி இறங்குவார். அப்படி ஒருநாள் மூட்டை சரிந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. அதிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேல் தானாக எழும்பாது.

கடைசி இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்ட கையோடு சோறு போடவில்லை என்பார். ஆனால் கதவு திறந்திருந்தால் கால் நேராக ரயில் நிலையத்துக்குப் போய்விடும். நான் போய்ப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

“மெட்ராஸ் வண்டி பூட்ச்சா?” என்பார்.

“நாளைக்குத்தான் நைனா, வா போலாம்.”

“ஆங்” என்று எழுந்து வந்துவிடுவார். ஒருநாளும் அடம் பிடித்ததில்லை. யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற மனிதராகிவிட்டார். அந்த வியாதியில் அது ஒரு வசதி என்று நான் நினைத்திருந்தேன்.

வெளியூர்க்காரர்கள் அறியாத ஒரு பழக்கம் எங்கள் நிலையத்தில் உண்டு. மலைக்கு வந்து சாமி கும்பிட்டவர்களில் பாதிப்பேர் அப்படியே திருப்பதிக்கும் போவார்கள். எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர் நடைமேடையில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நிற்கிற எங்களைப் பார்த்துக் கத்திக் கேட்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. வாய் அசைவதும் கை எழும்புவதும்தான் தெரியும். பாஸ்காரர்கள் நாங்கள் கையாலேயே பதில் சொல்லிவிடுவோம். ரேணிகுண்டா பக்கம் கையை வீசி, பிறகு உள்ளங்கையை மேலே தூக்கினால், இது திருப்பதிக்குப் போகிறது, ஏறிக்கொள் என்று அர்த்தம். ஆளைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மொட்டையும் சந்தனமும் தெரிந்தால் போதும், என்ன கேட்கிறார் என்று தெரிந்துவிடும். போனில் பேசிக்கொண்டே எத்தனையோ பேரை அப்படி ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே காவடியாக இருக்கும். அம்மா வருடாவருடம் வாசலில் அண்டா வைத்து மோர் ஊற்றுவாள். அந்த வருடமும் ஊற்றினாள். மோர் ஊற்றுகிற வீட்டில் கதவைச் சாத்தி வைக்க முடியாது. காலை பத்து மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தபோது நைனா இல்லை.

தெருவில் தேடினோம், பஸ் நிலையத்தில் தேடினோம். எங்கே சுற்றினாலும் கடைசியில் ரயில் நிலையத்துக்குத்தான் வருவார் என்று அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நான் அங்கே போனேன். ரயில்வே போலீசில் அடையாளம் சொன்னேன். கழுத்து வரைக்கும் வெள்ளை முடி, பெரிய மீசை, நீலக் கட்டம் போட்ட சட்டை, வெள்ளை வேட்டி. அவர்களும் எழுதிக்கொண்டு, ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் சொன்னதை அப்படியே சொன்னார்கள்.

நான் முதல் நடைமேடையில், பாலத்துப் படியை ஒட்டி நின்றுகொண்டேன். உள்ளே வருகிறவர்கள் யாராக இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் படியேற வேண்டும். கெட்டிக்காரத்தனமான இடம் என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சுதல். மத்தியானம் முழுக்க நின்றேன். கூட்டத்தில் முக்கால்வாசி மொட்டை. தட்டில் ஆயிரம் போல்ட் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எதைத் தேடுகிறோமோ அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். தொழில் அப்படித்தான் பழக்கியிருந்தது. வெள்ளை முடியைத் தேடினேன். மொட்டைகளைத் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எதிர் நடைமேடையின் விளிம்பில் ஒரு மொட்டை நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சட்டை இல்லை. ஈரமான மஞ்சள் வேட்டி, தலை முழுக்கச் சந்தனம். வலது கையை இடது கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். காவடி எடுத்த கை, வலிக்கிறது போல என்று நினைத்தேன். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி நைனாவின் மீசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ரேணிகுண்டா பக்கம் போகிற வண்டி வந்துகொண்டிருந்தது. நானே ஒருத்தரைத் தேடிக்கொண்டு நிற்கிறேன், இதில் இவர் வேறு என்று எரிச்சலாக இருந்தது. கையை ரேணிகுண்டா பக்கம் வீசி, உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

வண்டி வந்து நடுவில் நின்றது. கிளம்பிப் போனபோது எதிரே யாரும் இல்லை. நான் மறுபடி படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினோரு நாள் கழித்து கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். அங்கே டீக்கடை வைத்திருப்பவர். நாங்கள் ஒட்டிய நோட்டீசைத் தன் கடைச் சுவரிலேயே பார்த்திருக்கிறார். கையில் ஒரு பை. அதிலிருந்து துவைத்து மடித்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து வைத்தார்.

“இந்த சட்டைய வச்சிதாங்க கண்டுபுடிச்சேன்” என்றார். “நாங்க ஒரு கும்பலா காவடி எட்துகினு வந்துகினு இருந்தோம். பெரியவரு தெரு முக்குல நின்னுகினு இருந்தாரு. வாங்கன்னோம், வந்துட்டாரு.”

“எங்க வந்தாரு?”

“மலைக்குத்தாங்க. மொட்ட போட்ற எடத்துல நாங்க வரிசையா குந்தனோம். அவரும் குந்தனாரு. குனிங்கன்னாங்க, குனிஞ்சாரு.”

இந்த ஊருக்கு எங்கெங்கிருந்தோ வந்து மொட்டை போடுகிறார்கள். நைனா போட்டதில்லை. ஊர்க்காரனைச் சாமி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு எதற்குத் தனியாக அடையாளம் என்று கேலி பேசுவார். அதனால் அப்படி ஒன்று எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை.

“மீசையுமா?” என்று கேட்டேன்.

“ஆங், மீசையுந்தாங்க.” பக்கத்தில் நின்ற என் அம்மாவைப் பார்க்காமல் அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “அப்புறம் கொளத்துல முழுக்குப் போட்டோம். எங்காளு ஒருத்தனோட மஞ்ச வேட்டிய கட்டிவுட்டோம். மெட்ராஸ் போவணும் போவணும்னு சொல்லிகினே இருந்தாரு. சரி, மெட்ராஸ்காரரு போலன்னு ஸ்டேஷன் வாசல்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போனோம். தப்பா எட்துக்காதீங்க.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வரும் என்று காத்துப் பார்த்தேன், வரவில்லை. ஏதோ கேட்க வேண்டுமே என்று, “சட்டைய எப்டி கழட்டனாரு? அவருக்குக் கை தூக்க வராதே” என்றேன்.

“நாந்தாங்க கழட்டி வுட்டேன். இந்தக் கையால அந்தக் கைய தாங்கிகினாரு” என்று தன் வலது முழங்கையை இடது கையில் ஏந்திக் காட்டினார்.

நான் அவருக்கு டீ போட உள்ளே போனேன். டீ போட்டேன், சர்க்கரையும் போட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, என் அப்பாவை நானே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கடைக்குப் போய் உப்பு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வது போலத்தான் இருந்தது.

போலீசில் அடையாளத்தை மாற்றிக் கொடுத்தேன். கேமராப் பதிவு கேட்டேன். அத்தனை நாள் தங்காது என்றார்கள், நியாயம்தான். அதற்குப் பிறகு ரேணிகுண்டா, திருப்பதி, காளஹஸ்தி என்று அலைந்தேன். திருப்பதியில் மொட்டையைத் தேடின கதை என்று ஊரில் பழமொழி சொல்லிச் சிரிப்பார்கள். நான் நிஜமாகவே தேடினேன். காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமே என்று போன் கடையில் கொடுத்து, நைனாவின் படத்தில் முடியையும் மீசையையும் எடுத்துவிடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இது அவரில்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் திருப்பதியில் சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கினேன். பார்த்தவர்கள் எல்லோரும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள். மொட்டையடித்த கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது.

வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. அதே தூண், அதே பெட்டி. எதிர் நடைமேடையிலிருந்து இப்போதும் யாராவது கை தூக்கத்தான் செய்கிறார்கள். நான் பாலமேறி அந்தப் பக்கம் போய், பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். இதனால் இரண்டு முறை என் வண்டி போய்விட்டது.

கை காட்டியதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மொட்டை வரைக்கும் தெரியும். பிறகு ரயிலேறி எங்கேயோ போய்விட்டார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. அம்மா மோர் ஊற்றவில்லை. அதற்கடுத்த வருடமும் ஊற்றவில்லை. கதவைத் திறந்து வைத்தது தன் தப்பு என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் அவளை அந்தத் தப்பைச் சுமக்க விட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து சொன்னேன். மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை தூக்கியது, நான் கை வீசியது, அவர் தலையாட்டியது, எனக்கு எரிச்சல் வந்தது. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். கையில் இருந்த கடலையை உரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப நீ அவர மொட்டையில பாத்தியா?”

“ஆங்.”

“எப்டி இருந்தாரு?”

கண்ணாலம் ஆன நாளிலிருந்து அவள் பார்க்காத தலை அது. அம்மாவின் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. நான் பார்க்கவில்லை அம்மா, சந்தனத்தைத்தான் பார்த்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது.

“நல்லா இருந்தாரும்மா” என்றேன். “காது ரெண்டும் பெருசா தெரிஞ்சுது.”

“ஆங், காது பெருசுதான் அவருக்கு” என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, “சிரிச்சாரா?” என்று கேட்டாள்.

“சிரிச்சாரும்மா.”

இப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும், நான் பார்க்காத அந்த முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.