கப்புகளை இறக்கிய ஞாயிறு

என் கணவர் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் நெற்றித் தழும்பைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் அடுத்ததாகக் கேட்பது அதைத்தான். அவர் பியரைக்கூடத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் சாப்பிடமாட்டார். கனடாவின் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தார். அங்கே அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வீட்டில் அவர் அடித்ததெல்லாம் தெளிந்த மூளையோடு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான்.

அஜக்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் ஹோலில் காஸில் எரியும் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தது. முன்னால் தடித்த கண்ணாடி. அதற்கு மேலே, சுவரோடு பொருத்திய நீளமான வெள்ளை மரத்தட்டு, மான்டல். வீட்டுக்குக் குடிவந்த அன்றே அந்தத் தட்டு அவருக்குச் சொந்தமாகிவிட்டது. பழைய மாணவர் சங்கத்துக் கிரிக்கெட் அணியில் வென்ற கப்புகளை அதில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் அடியில் பளிங்குக் கல். மேலே பொன்னிறத்தில் ஒரு குட்டி மனிதன் பந்து போடுவான், அல்லது மட்டையை ஓங்குவான். அவற்றின் தூசியை அவர் மட்டும்தான் துடைப்பார்.

சுவரில் எங்காவது ஓட்டை விழுந்தால் அதையும் அவரே அடைத்து, தேய்த்து, பெயின்ற் அடிப்பார். அந்த வேலையில் நல்ல கெட்டிக்காரராகிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவர்களின் துப்புரவைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

பேஸ்மென்டில் அவருடைய தம்பி இருந்தார். கலியாணம் ஆகாதவர். ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் பாண் போடும் வேலை. விடியுமுன் போய்விட்டு மத்தியானம் வந்து படுப்பார். அவருடைய கட்டில் எங்கள் ஹோலுக்கு நேர் கீழே கிடந்தது. மேலே ஒரு கதிரை விழுந்தால் கீழே ரிவிப் பெட்டியின் சத்தம் கூடும். மறுநாள் ஒரு பை நிறைய, மீன் அடைத்த மாலு பணிஸ் கொண்டுவந்து என்னிடம் தருவார். முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருமுறை மட்டும், அண்ணை கொஞ்சம் கோபக்காரன், மனம் நல்லது என்றார். அந்தப் பணிசை நான் குப்பையில் கொட்டினேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே பெரிய கூடத்திலும் ஒரு மான்டல் உண்டு. மார்கழி பிறந்தால் கிறிஸ்மஸுக்கு அதை அலங்கரிக்கும் பொறுப்பு எனக்குத்தான் வரும். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. செய்து செய்து பிடிபட்டது. பச்சை மாலையைக் கம்பிபோல இழுத்துக் கட்டக்கூடாது. அலை அலையாகத் தளர விட வேண்டும். விளக்குச் சரத்தை முதலில் உள்ளுக்குள் ஓட்டிவிட வேண்டும். உயரமான மெழுகுதிரிகளை இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் கடை யன்னல் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் கூட்டமாகவும் மறுபக்கம் காலியாகவும் விட்டால்தான் வீடு மாதிரி இருக்கும். அந்த வருடம் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ பெண் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். என் மகள் அதை என் போனில் பார்த்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

“எங்கட வீட்டில ஏனம்மா இப்படிச் செய்யிறேல்ல?” என்று கேட்டாள்.

அதற்குப் பதில் அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை விருந்தினர் வந்திருந்தபோது அவர்கள் முன்னாலேயே அப்பாவிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, செய்யுங்கோ, வடிவாச் செய்யுங்கோ, கனடாவில இருக்கிறம்தானே என்றார். வந்தவர்களும் சிரித்தார்கள். மகள் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினாள்.

மறு வாரம் அவளும் நானும் கடைக்குப் போய் மாலை, விளக்கு, பைன் காய்கள், சிவப்புக் கம்பளிக் காலுறைகள் எல்லாம் வாங்கினோம். காலுறைகளைத் தொங்கவிட, மான்டலின் விளிம்பில் வைக்கும் வார்ப்பிரும்புக் கொளுக்கிகளும் வாங்கினோம். ஒவ்வொன்றும் ஒரு கலைமான்; உள்ளங்கையில் வைத்தால் கை தாழும். சித்தப்பாவுக்கும் ஒரு காலுறை வேண்டும் என்று மகள் சொன்னாள். எனக்கு மனமில்லை. அவள் கேட்டாள் என்பதற்காக வாங்கினேன்.

ஞாயிறு காலை என் கணவர் சங்கத்தின் கூட்டத்துக்காக ஸ்காபரோவுக்குப் போனதும் தொடங்கினோம். கப்புகளை ஒவ்வொன்றாக இறக்கித் துவாயில் சுற்றி, ஒரு பெட்டியில் அடுக்கி, கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் வைத்தேன். அவள் ஏணியில் நின்று மாலையின் ஒரு நுனியைப் பிடித்திருந்தாள். நான் மறுநுனியைப் பிடித்து, இன்னும் தளர விடு, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பைன் காய்களில் வெள்ளைப் பெயின்ற் தெளித்ததில் அவளுடைய மூக்கிலும் பட்டுவிட்டது. பின்நேரம் ஃபயர்பிளேஸை ஏற்றி, விளக்குகளையும் போட்டுவிட்டு இருவரும் கம்பளத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நல்ல வடிவாக இருந்தது. அந்த வீட்டில் நான் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மகள் எழுந்து கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனாள்.

அவர் சப்பாத்தோடு ஹோலுக்குள் வந்து நின்றார். பனி உருகிக் கம்பளத்தில் வடிந்தது.

“கப் எல்லாம் எங்கை?”

“கோட் அலுமாரிக்கை வைச்சிருக்கிறன். நத்தார் முடியத் திருப்பி வைப்பம்.”

“ஆரைக் கேட்டு எடுத்தனி?”

“நீங்கள்தானே செய்யச் சொன்னனீங்கள்.”

“செய்யச் சொன்னனான். உதுகளை இறக்கச் சொன்னனானோ?”

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து வைத்தேன். முழங்காலில் நின்று ஒவ்வொரு துவாயாக அவிழ்த்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒரு கப்பில் பொன்னிற மனிதனின் மட்டை முறிந்திருந்தது. அது நான் முறித்ததா, முதலே முறிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். கடிகாரத்தை அன்று அவர் கழற்றவில்லை.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு பச்சை மாலையைப் பிடித்து இழுத்தார். மெழுகுதிரிகள், கலைமான்கள், விளக்குச் சரம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, காலியாகிக் கிடந்த அந்தத் தட்டின் விளிம்பில் என் நெற்றியை மோதினார். இரண்டாம் முறையும் மோதினார். வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது இரத்தம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. வடிவாச் செய்திருக்கிறாய், வடிவாச் செய்திருக்கிறாய் என்று அவர் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மகள் குசினியிலிருந்து ஓடிவந்தாள். அவள் கையில் போன் இருந்தது. அதைக் கண்டதும் என்னை விட்டுவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் முழங்காலில் விழுந்து கத்தினாள். அதுவரை அவர் அவளைத் தொட்டதே கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் அத்தனை வருடங்களும் இருந்தேன்.

பேஸ்மென்ட் படிகளின் கதவு திறந்தது. தம்பி இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மேலில் ஒன்றுமில்லாமல் நின்றார். நித்திரை கலையாத முகம்.

“அண்ணை, பிள்ளையை விடு.”

“நீ கீழ போ.”

“விடு எண்டு சொல்லுறன்.”

கப் தம்பியை நோக்கிப் பறந்தது. பளிங்குக் கல் அவருடைய வாயில் பட்டது. ஒரு பல் கம்பளத்தில் விழுந்ததை நான் கண்டேன். அவர் அதற்கும் நிற்கவில்லை. நேராக நடந்து வந்து அண்ணனை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தார். பிடி விட்டதும் மகள் போனோடு மேல்மாடிக்கு ஓடினாள். குளியலறைக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் உருண்டார்கள். சின்ன வயதில் அவர்கள் எப்படிச் சண்டை பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இது அப்படியான சண்டை அல்ல. கடித்தார்கள். கண்ணைத் தோண்டப் பார்த்தார்கள். தம்பி விழும்போது ஊன்றிய கை எரிந்துகொண்டிருந்த ஃபயர்பிளேஸின் கண்ணாடியில் பட்டது. கை ஒட்டிக்கொண்டு பிறகு கழன்று வந்தது. அந்த மணம் ஹோல் முழுக்கப் பரவியது. அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளுக்கு இழுத்தார். என் கணவர் அவருக்கு மேலே ஏறி இருந்து கழுத்தைப் பிடித்தார். தம்பியின் குதிகால்கள் நிலத்தில் அடித்தன. பிறகு மெல்ல மெல்ல அடிப்பது குறைந்தது.

காலடியில் ஒரு இரும்புக் கலைமான் கிடந்தது. எடுத்தேன். கழுத்தைப் பிடித்திருந்த கையின் முழங்கைக்குக் கீழே, என் பலம் எல்லாவற்றையும் சேர்த்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பிடி தளரவில்லை என்று நினைத்து மறுபடியும் அடித்தேன். அந்தச் சத்தம் இப்போதும் சில வேளைகளில் காதில் வரும். வந்தால் நான் அதை விரட்டுவதில்லை.

பொலிஸ் வந்தபோது என் கணவர் சோபாவில் இருந்து அழுதுகொண்டிருந்தார். முறிந்த கையை மடியில் வைத்திருந்தார். அவருடைய ஆங்கிலம் எங்கள் எல்லோரிலும் நல்லது. தான் வீட்டுக்கு வந்தபோது மனைவியையும் தம்பியையும் பார்க்கக்கூடாத நிலையில் பார்த்ததாகவும், கேட்டதற்கு இருவரும் சேர்ந்து தாக்கியதாகவும் அவர் சொன்னார். இடையிடையே நிறுத்தி மூச்செடுத்துச் சொன்னார். நான் முகத்தில் இரத்தத்தோடும், கையில் இரும்போடும் நின்றேன். தம்பி மேற்சட்டை இல்லாமல், வாயில் ஒரு பல் இல்லாமல், கதைக்க முடியாமல் இருந்தார். அந்த இளம் பொலிஸ்காரர் தம்பியின் பக்கம் நகர்ந்து, கைகளைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார்.

அப்போது மகள் படிகளில் இறங்கி வந்தாள். பொலிசை அழைத்தவள் தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த வீட்டில் யார் யாரை அடிப்பது என்று தெரிய வேண்டுமென்றால் தன்னைக் கேட்கும்படி சொன்னாள். கூட வந்த பெண் பொலிஸ் அவளைக் குசினிக்குக் கூட்டிப்போனார். கதவு மூடியிருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. குரல் மட்டும் வந்துகொண்டேயிருந்தது, நிற்காமல், அழாமல். நான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தவை எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெண் பொலிஸ் வெளியே வந்து, சுவர்களைக் கையால் தட்டிப் பார்த்தார். அடைத்த இடங்களில் சத்தம் வேறு மாதிரி வந்தது. பிறகு என் கணவருக்கு முன்னால் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டார்கள். தம்பியின் உள்ளங்கைக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. நான் பார்க்கப் போனபோது வாய் வீங்கிக் கிடந்ததால் சொற்கள் குழறின.

“அண்ணி, நான் கீழ கிடந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். ஒவ்வொரு முறையும்.”

“தெரியும் தம்பி,” என்றேன்.

அவரை மன்னித்தேனா என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் நான் இன்னும் போகவில்லை. ஆனால் அவருக்குப் பால்தேநீரை ஸ்ட்ரோவால் குடிக்கக் கொடுத்துவிட்டு, கோப்பை முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

பிறகு வந்த மாதங்களில் அடி தொலைபேசியில் விழுந்தது. கணவரின் உறவினர் ஒருவர்பின் ஒருவராக அழைப்பு எடுத்தார்கள். வழக்கை மீளப் பெறச் சொன்னார்கள். அது அரசாங்கம் போட்ட வழக்கு, என் கையில் இல்லை என்று சொன்னபோது, அப்படியென்றால் கோர்ட்டுக்குப் போகாதே என்றார்கள். என்னையும் தம்பியையும் சேர்த்து அவர் பொலிசுக்குச் சொன்ன கதை எங்களுக்கு முன்னாலேயே கோயில் வாசல்வரை போயிருந்தது. ஒரு அன்ரி என் முகத்துக்கு நேரே, நெருப்பு இல்லாத இடத்தில புகை வருமோ பிள்ளை என்றார். நான் அவருக்கு என் நெற்றியைக் காட்டினேன். அவர் பார்க்காமல் திரும்பிப் போனார். தம்பி பேக்கரிக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குப் பழி வரும் என்று எங்களைப் பார்க்க வருவதில்லை. மகளின் பிறந்தநாளுக்கு மட்டும் கேக் வரும், யாராவது கொண்டுவந்து தருவார்கள்.

கோர்ட்டில் நான் சாட்சி சொல்லத் தயாராகப் போனேன். அன்று காலையிலேயே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மகள் சாட்சிக் கூட்டில் ஏறுவாள் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்க வேண்டும். சிறைக்குப் போகவில்லை. எங்களுக்குக் கிட்ட வரக்கூடாது, கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்குப் போக வேண்டும் என்று நீதிபதி சொன்னார். எனக்கு அது போதவில்லை. அதை அரசாங்க வக்கீலிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

வீட்டை விற்றோம். மகளும் நானும் இப்போது டோர்செட் பார்க்கில், உயரமான கட்டடம் ஒன்றில் இருக்கிறோம். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். பக்கத்து வீட்டுக் குழந்தை நாள் முழுக்க ஓடும். எங்கள் வீட்டில் நீண்ட காலம் சத்தமே இல்லை. இருவரும் பாத்திரங்களைக்கூடச் சத்தமில்லாமல் வைப்போம்.

போன வருடம் ஒருநாள் ஏதோ பயணத்துக்கு நான் விடமாட்டேன் என்றதற்கு மகளுக்குக் கோபம் வந்தது. அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். யன்னல் அதிர்ந்தது. என் கையிலிருந்த கரண்டி விழுந்தது; முதுகு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய முகமும் வெளிறியிருந்தது.

“சொறி அம்மா. நான் அப்பா மாதிரி…”

“இல்லை. நீ கோபப்படலாம் பிள்ளை,” என்றேன்.

அவள் நம்பினாளோ தெரியாது. அடுத்த கிழமை வேறொரு விஷயத்துக்காக மறுபடியும் சாத்தினாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மிச்சத்தையும் வெட்டி முடித்தேன்.