கிலோ கணக்கில் வாங்கிய ட்ரைபாட் ஹெட்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பித்தளை வால்வு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். அத்தனை வருடத்தில் எம்.டி. தானே என் மேஜைக்கு நடந்து வந்தது இரண்டு தடவைதான். ஒரு தடவை மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். இன்னொரு தடவை கையில் ஒரு மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். அது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை.

"செல்வி, இத படி. ஃபேஸ்ல கீறல்னு ரெண்டாவது தடவையா எழுதியிருக்கான், நம்ம வால்வ வாங்கற பாரிஸ்காரன்."

வால்வின் வாயைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு சமதளம் இருக்கும். அதைத்தான் ஃபேஸ் என்போம். அதில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் தண்ணீர் கசியும். மெயிலோடு வந்த போட்டோ ஒரே மங்கல். கீறலா, தூசியா, பாரிஸ்காரரின் கைரேகையா என்று ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஃபேஸை லேத்தில் கடைபவர் ஆறுமுகம் அண்ணன். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபிறகு நாற்பது வயதில் லேத் பழகி, எங்களிடம் சேர்ந்தார். எம்.டி. அவர் பக்கம் கையை நீட்டிச் சொன்னார்: "டூல அழுத்தி ஓட்றாருன்னு நெனைக்கறேன். அடுத்த லாட்டும் திரும்பி வந்துச்சின்னா ஆறுமுகத்த அனுப்பிடறேன். வேற வழியில்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒவ்வொரு பீஸையும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பாஸ் பண்ணியவள் நான். அவரை அனுப்பினால் என் கண்ணையும் சேர்த்து அனுப்பிய மாதிரிதான்.

"சார், பேக்கிங்குக்கு முன்னால ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வெக்கறேன். அப்புறம் யார் தப்புன்னு பேசலாம்."

"எடு. செலவு மட்டும் வெக்காத."

அடுத்த லாட், அதாவது அடுத்த சரக்கு, கிளம்பப் பத்து நாள் இருந்தது.

சாரின் மூக்கு

ஆபீசில் ஒரு காம்பாக்ட் கேமரா இருந்தது. எம்.டி.யின் தங்கை பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. சோப்புப் பெட்டி அளவு, எடையும் ஏறக்குறைய அதே. கையில் பிடித்து கிட்டத்தில் எடுத்தால் படம் ஆடியது. ஃபிளாஷ் போட்டால் பித்தளை பளீரென்று வெளுத்துப்போனது. ஃபிளாஷை அணைத்து, ஸ்டாண்டில் மாட்டி, செல்ஃப் டைமர் வைத்து எடுத்தால்தான் சரி வரும். ஆபீசில் பழைய ட்ரைபாட் ஸ்டாண்ட் ஒன்று கிடந்தது, அதன் மூன்று கால்களும் நன்றாக இருந்தன. மேலே கேமராவைத் தாங்கும் பிளாஸ்டிக் ஹெட் மட்டும் உடைந்து போயிருந்தது. ஆகவே, ஹெட் மட்டும் வேண்டும் என்று பர்ச்சேஸுக்கு எழுதிக் கொடுத்தேன்.

பர்ச்சேஸ் ஆபீசர் ஜெயராமன் சாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபது வருடமாகப் பித்தளை வாங்கியவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு எடைதான் தெரியும். ஆபீசுக்கு நாற்காலி வாங்கினாலும் ஸ்டோர்ஸ் தராசில் ஏற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார். வீட்டுக்கு மிக்ஸி வாங்கும்போதுகூடத் தூக்கித் தூக்கிப் பார்த்தாராம். அது அவர் மனைவியே என்னிடம் சொன்னது.

மறுநாளே ஒரு கறுப்பு ஹெட்டைக் கொண்டுவந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் விற்ற பழசு. நீளக் கைப்பிடி வேறு. என் கண் முன்னால் தராசில் வைத்தார்.

"ரெண்டு கிலோ நூறு! இதே வெலைக்குக் கடையில குடுக்கறது கால் கிலோ கூட இல்ல செல்வி. யார்கிட்ட!"

மாட்டினோம். எருமை மேல் காக்காய் உட்கார்ந்த மாதிரி இருந்தது கேமரா. அதை வால்வைப் பார்த்துக் குனியவைத்து, லாக்கைத் திருகி, டைமரை அழுத்தினேன். பத்து விநாடி. கேமரா மெதுவாக, மரியாதையாக, தலையைத் தூக்கியது.

முதல் படத்தில் பாதி வால்வு. இரண்டாவதில் சுவரும் காலண்டரும். என்னதான் ஆகிறது என்று ஜெயராமன் சார் எதிரே வந்து குனிந்து பார்த்த நேரத்தில் மூன்றாவது விழுந்தது. அதில் அவர் மூக்குத் துவாரம் இரண்டும் மிகத் துல்லியமாக இருந்தன. ஃபோக்கஸில் குறையே சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பெரிய வீடியோ கேமரா முன்பக்கம் கவிழாமல் இருக்க அந்த ஹெட்டுக்குள் ஒரு கெட்டியான ஸ்ப்ரிங் வைத்திருந்தார்கள். எங்கள் சோப்புப் பெட்டியை அது ஒரு பாரமாகவே மதிக்கவில்லை. லாக்கும் தேய்ந்திருந்தது.

"அப்ப கேமரா மேல ரெண்டு வால்வ வெச்சிக் கட்டு. கனம் ஏறும்ல?" என்றார் சார்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிப் பார்த்தோம். கேமரா குப்புற விழுந்து மேஜையில் மூக்கை இடித்துக்கொண்டது. நல்லவேளை, உடையவில்லை. "போதும் சார், நானே கடைக்குப் போறேன்" என்றேன்.

கைப்பையில் ஒரு வால்வு

அன்று அரை நாள் லீவு போட்டேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகிற வழியில் டவுனில் இறங்கினேன். கைப்பையில் கேமராவும் ஒரு வால்வும். கேமராக் கடைக்காரர் கொஞ்சம் வயதானவர், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"வாங்க மதாம். வீடியோவுக்கா, போட்டோவுக்கா?"

நான் பதிலுக்கு வால்வை எடுத்து அவர் கவுண்டரில் வைத்தேன். "இத மேலருந்து எடுக்கணும். கேமரா அசையக் கூடாது. வெல கம்மியா இருக்கணும்." அவர் வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் ஹெட்டின் தட்டு பெரியது. மாட்டினால் கேமராவின் பேட்டரி மூடி திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றவும் கழற்றி மாட்டினால், கேமரா நின்ற இடம் மாறிவிடும். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது அழகாக இருந்தது. குனியவைத்து லாக் பண்ணி, கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் வால்வு திரையில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

"லைட்டாதான் எறங்குது. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மதாம்."

"கீறலும் லைட்டாதாங்க இருக்குது. அதுக்குத்தான் ஒருத்தருக்கு வேல போவப் போவுது."

அவர் அந்த ஹெட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார். சின்ன பால் ஹெட். நெல்லிக்காய் அளவு உருண்டை, பக்கத்தில் ஒரே ஒரு திருகு. கேமரா நேர் கீழே பார்க்கக் கழுத்தில் ஒரு வெட்டு. முப்பது வரை எண்ணினேன், வால்வு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முப்பதும் எண்ணினேன். விலை, ஜெயராமன் சார் கொடுத்ததைவிடக் குறைவு.

ஆனால் மறுநாள் ஜெயராமன் சார் அதைத் தராசில் வைத்துவிட்டுப் பில்லில் கையெழுத்துப் போட மறுத்தார்.

"நூத்தி எண்பது கிராம்! ஏம்மா, இத வாங்கிட்டு வந்து நிக்கறியே!"

"சார், நம்ம கத்திரிக்காயா வாங்கறோம்?"

ஸ்டோர்ஸில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்புக்கு நடுவில் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு குறை இருந்தது. ஹெட்டின் அடித் துளை பெரிசு, ட்ரைபாட் காலில் இருந்த ஸ்க்ரூ சின்னது. நடுவில் ஒரு புஷ், அதாவது உள்ளும் வெளியும் மரை போட்ட சின்ன வளையம் வேண்டும். ஆறுமுகம் அண்ணன் ஒரு துண்டுப் பித்தளையை எடுத்துப் பத்து நிமிடத்தில் மரை போட்டுக் கடைந்து கொடுத்தார்.

"என் வேல நிக்கறதுக்கு நானே புஷ் போட்டுக்கறேம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இரண்டு பெண்கள் அவருக்கு, பெரியவள் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம் அது.

இரண்டு கோடு

நாற்பது பீஸைப் படம் எடுத்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம். வழியில் ஏதாவது ஆகிறதா என்று பார்க்க, வழக்கம்போல் அட்டைப் பெட்டியில் பேக் பண்ணி, இறக்க வேண்டாம் என்று சொல்லி, விழுப்புரத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் எங்கள் டெம்போவில் ஏற்றிவிட்டேன். போய்விட்டு அப்படியே திரும்பி வந்த பெட்டியைப் பிரித்து, அதே நாற்பதை அதே இடத்தில் வைத்து மறுபடி எடுத்தேன்.

ஒன்பதில் கீறல்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். இரண்டு மெல்லிய கோடு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்பதிலும் அதே இடைவெளி. ஆறுமுகம் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "டூல் மார்க்குன்னா வட்டமா வரும்மா. இது நேரா போவுதே" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. பத்து நாளில் அன்றுதான் மூச்சை முழுசாக விட்டார் மனிதர்.

பெட்டிக்குள் வால்வுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அட்டைத் தடுப்பு வைப்போம். அதை எடுத்துப் பார்த்தேன். மூலைக்கு மூலை கம்பிப் பின் அடித்திருந்தது. பின்னின் இரண்டு முனையும் லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். கீறலின் இடைவெளியேதான்.

முன்பெல்லாம் தடுப்பில் பின் கிடையாது, அட்டையை வெட்டிக் கோத்திருப்பார்கள். நான்கு மாதமாகத்தான் இது. சத்தம் கேட்டு ஜெயராமன் சார் வந்தார். நான் திரையைக் காட்டினேன், தடுப்பைக் கொடுத்தேன். அவர் கை பழக்க தோஷத்தில் அதை இரண்டு தடவை எடை பார்த்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"அதே வெலைக்கு இது கனமா இருந்துச்சி" என்றார். "நான்தான் மாத்தினேன்."

யாரும் கூப்பிடாமலே எம்.டி. ரூமுக்குப் போனார். கண்ணாடி வழியாக அவர் நின்றபடி பேசுவதைப் பார்த்தோம். வெளியே வந்து நேராக லேத்துக்குப் போனார்.

"ஆறுமுகம், தப்பு என்னுது. மன்னிச்சிக்கப்பா."

"உடுங்க சார். எல்லாத்துக்கும் டீ சொல்லுங்க, சரியாப் பூடும்."

பின் இல்லாத தடுப்போடு லாட் கிளம்பியது, கூடவே நான் எடுத்த படங்களும். கீறல் என்று பாரிஸ்காரர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

அந்த இரண்டு கிலோ ஹெட்டையும் நாங்கள் தூக்கிப் போடவில்லை. பிரஸ் மெஷின் ஓடும்போது தரை அதிரும், ட்ரைபாட் காலும் அதிரும். ஜெயராமன் சார் ஒரு கம்பியை வளைத்து, அந்தக் கனத்தை ட்ரைபாடின் நடுத்தண்டில் தொங்கவிட்டார். கால் அசையாமல் நின்றது. "பாத்தியா செல்வி, வெயிட்டு வீண் போவல" என்று எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்தக் கேமராவுக்கு வாங்குகிறீர்களோ அந்தக் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோங்கள். எதை எடுக்கப் போகிறீர்களோ அதையும் கொண்டுபோங்கள். மாட்டி, குனியவைத்து, லாக் பண்ணி, முப்பது எண்ணுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஆறுமுகம் அண்ணன் அதே லேத்தில் இன்னும் எட்டு வருடம் வேலை பார்த்து, ரிட்டயர் ஆனார். அன்றைக்கு எல்லாரும் நின்று ஒரு போட்டோ எடுத்தோம். அதே கேமரா, அதே நெல்லிக்காய் ஹெட், நடுவில் அவர் கடைந்த புஷ். கீழே இரண்டு கிலோ நூறு தொங்கியது. ஜெயராமன் சார்தான் டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றார். மாலையோடு ஆறுமுகம் அண்ணன் படத்தில் நட்டநடுவில் இருக்கிறார். அவரை யாரும் அனுப்பவில்லை. வயசு முடிந்து, மாலை போட்டு, அவராகத்தான் போனார்.