ஸ்டிக்கரின் மேல் வைத்த பொட்டு

திரையின் வலது மூலையில் முதல் புள்ளி தோன்றியபோது தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் வைத்துக்கொண்டிருந்த நேரம். துடைத்த இடத்துக்குப் பக்கத்தில் பச்சையாக இன்னொன்று வந்தது. அதன் பின்னால் ரோஸ் நிறத்தில் ஒரு கூட்டமே வந்தது. 

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். கடையில் ஒரே கம்ப்யூட்டர். மதுரையில் வாங்கி, முதலாளி அதைக் காரில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே அது கெட்டுப்போனால் கெடுத்தவளும் நான் மட்டும்தான் என்பது கடையில் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். வீட்டில் வெளியூருக்கு பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா சம்மதிக்கும்போதே சொல்லிவிட்டார்: "அங்கயிருந்து ஒரு சொல்லு வந்துச்சுன்னா, மறுநாளே நீ வீட்ல இருந்துக்கிட வேண்டியதான்." கோபத்தில் சொன்னதில்லை. காலமெல்லாம் பிறர் புகாருக்குப் பயந்தே பிழைத்த மனிதர் அவர். அந்தப் பயத்தில் கொஞ்சம் எனக்கும் கொடுத்திருந்தார்.

அடுத்த சில நாட்கள், யாராவது பக்கத்தில் வந்தால் திரையை என் தோளால் மறைத்துக்கொண்டேன். காலையில் நன்றாக இருக்கும். உச்சிப்பொழுது தாண்டினால் புள்ளிகள் வரும், எழுத்துகளின் குறுக்கே கோடுகள் ஓடும், கடைசியில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குச் சோற்றுத் தட்டில்கூடப் பச்சைப் புள்ளி தெரிந்தது.

முதலாளியிடம் மறைக்க முடியாத நாளும் வந்தது. மகாராஜபுரத்திலிருந்து பத்திரிகை வாங்க வந்தவர் காத்திருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னை அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன அம்மாயி, எதையோ மாத்தி அமுக்கிட்டியா?"

"இல்ல முதலாளி. எனக்குத் தெரிஞ்சு இது டிஸ்ப்ளே கார்டு."

"அது என்னத்துக்கு?"

"படத்தத் திரைக்கு அனுப்புறது அதுதான்."

தெரிந்துதான் சொன்னேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்திருந்தேன். தாளில் ஒரு புள்ளி இல்லை. ஆகவே குற்றம் ஃபைலில் இல்லை, எல்லாரும் பயப்படும் வைரஸும் இல்லை. முதலாளி இல்லாத நேரத்தில் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மானிட்டரை இரவல் வாங்கி மாட்டினேன். அதிலும் அதே புள்ளிகள். நிறங்களைப் பதினாறாகக் குறைத்தால் புள்ளிகள் போயின, கூட்டினால் திரும்பி வந்தன. டேபிள் ஃபேனைப் பெட்டி பக்கம் திருப்பி வைத்தால் இன்னும் சற்று நேரம் தாங்கியது. சூடு ஏறினால் கார்டு தடுமாறுகிறது. இவ்வளவையும் வெளியில் இருந்தே கண்டுபிடித்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கும் தைரியம் எனக்கு இல்லை.

வாரண்டி முடிய இரண்டு மாதம் இருந்தது. முதலாளி மதுரைக்குப் போன் போட்டார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால்தான் கார்டு மாற்றித் தருவார்கள், கிழிந்திருந்தால் வாரண்டி கிடையாது என்றும் சொன்னார்களாம். அவர் உள்ளே போனதும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க ஸ்குரூவை மூடி ஒட்டியிருந்த வெள்ளை வட்ட ஸ்டிக்கர் பாதிக்கு மேல் இல்லை. மிச்சம் இருந்த ஓரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. போன ஆயுத பூஜைக்கு முதலாளியின் மனைவி கிண்ணம் நிறைய சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். அவளை நான் அக்கா என்பேன். அச்சு மெஷின், கட்டிங் மெஷின், ஸ்டேப்ளர், டெலிபோன், எதையும் விடவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் வந்தபோது நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். கீபோர்டில் வேண்டாம், திரையிலும் வேண்டாம் என்று கெஞ்சினேன். "இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்று முகம் சுளித்து, பெட்டிக்குப் பின்னால் போனாள். வெள்ளையாக வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல அங்கே ஓர் இடம் இருந்திருக்கிறது. நன்றாக அழுத்தித்தான் வைத்திருக்கிறாள். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கமாட்டோம், தானாக உதிர வேண்டும். அது உதிரும்போது காகிதத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதை யாரிடம் சொல்வது? பூஜையில் வைத்த பொட்டால் வாரண்டி போயிற்று என்று, அதை வைத்த வீட்டுக்காரியிடமே சொல்ல முடியுமா? அபசகுனமாக வாயைத் திறந்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறார்கள். என் மடியில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பின்பக்கம் தெரியாதபடி பெட்டியைச் சுவரோடு தள்ளி வைத்தேன்.

மதுரையிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் திரையைக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார்.

"சீல் கிழிஞ்சிருக்கே சார். பெட்டியத் திறந்திருக்காங்க. கார்டு மாத்த முடியாது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தொறந்தியா?"

"இல்ல முதலாளி."

"பின்ன யாரு தொறந்தா? எனக்குத் தெரியுமா, உங்க அக்காவுக்குத் தெரியுமா? உனக்குத்தான கம்ப்யூட்டர் தெரியும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டெலிபோனை இழுத்து வைத்து எண்ணைச் சுழற்றினார். அது அப்பாவின் ஜவுளிக்கடை எண். "ஒங்க மக மெஷினத் தொறந்து வாரண்டியக் கெடுத்துட்டா. செத்த வந்து என்னன்னு கேளுங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் கணத்தில் என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். 

சர்வீஸ் ஆள் பையை மூடத் தொடங்கியிருந்தார். பயம் முற்றினால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது.

"சார், அந்த ஸ்குரூவப் பாருங்க. பிளஸ் குழிக்குள்ள சந்தனம் இருக்கும். யாராச்சும் திருப்பியிருந்தா அது இருக்குமா?"

அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அழுத்தி வைத்தபோது ஈரக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிய சந்தனம் ஸ்குரூவின் தலைக்குள் அடைத்துக்கொண்டு, நடுவில் குங்குமச் சிவப்போடு கல்லாக இறுகிக் கிடந்தது. குண்டூசியால் குத்திக் குத்தித்தான் எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கியது.

"திறக்கலைதான் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "இந்த மாதிரி சீல நான் பார்த்ததே இல்ல." கார்டைக் கழற்றிக் காட்டினார். சிப்பைச் சுற்றி கார்டின் பலகை சூட்டில் பழுப்பேறியிருந்தது. மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தார்.

அக்கா உள்கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என் பொட்டாலயா கெட்டுச்சு?" என்றாள், குரலே வராமல்.

"இல்லக்கா. அதனாலதான் தப்பிச்சோம்" என்றேன். ஸ்டிக்கரைக் கிழித்ததும் பொட்டுதான், காப்பாற்றியதும் பொட்டுதான்; இரண்டும் உண்மைதான். எனக்குத் தேவையான பாதியைச் சொன்னேன்.

"முதலாளி, எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்று கேட்டேன். அவர் எண்ணைச் சுழற்றினார். அப்பா அப்போதே பஸ் ஏறிவிட்டதாக ஜவுளிக்கடையில் சொன்னார்கள்.

அப்பா வரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் முதலில் நான் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைக் கட்டி வைத்திருந்தேன். அப்பா கடையின் படியிலேயே செருப்பைக் கழற்றினார். தோள் துண்டு கைக்கு வந்தது. என்னைப் பார்க்கவில்லை. முதலாளிக்கு எதிரே போய், சேலைக் கடையில் கோபக்கார வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறவரைப் போலவே குனிந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிருச்சு. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்க. வேலைய விட்டு மட்டும் நிப்பாட்டிராதிய."

கட்டி வைத்திருந்த வாக்கியத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. முதலாளிக்கு முகம் கறுத்தது. நான் திறக்கவில்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

"பரவால்லங்க" என்றார். "அத விட்டாச்சு. நீங்க ஒக்காருங்க, காப்பி சொல்லுதேன்."

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன். "அப்பா, நான் தொறக்கவே இல்ல."

"சரி தாயி. அதான் அவியளே விட்டுட்டாவள்ல. இன்னும் அதையே ஏன் பேசுத?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை தப்பியது. மறுநாள் காலை நான் பையை எடுத்தபோது அப்பா கடைக்குக் கிளம்பாமல் வாசலில் நின்றார்.

"எதையும் தொறந்துராத, என்ன?" என்றார்.

"சரிப்பா" என்றேன்.