சின்ன பெர்தா, சின்ன மயிலா

க்ரெஷ்ஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், என் மகளின் குளிர்கோட்டை மாட்டும் ஆணிக்கு மேலே எந்தப் பெயரை எழுதட்டும்? சிறிய மரப்பலகை, அதில் ஒரு சொல்தான் கொள்ளும் என்று ஆசிரியை லீசா மின்னஞ்சல் அனுப்பி எட்டு நாளாகிறது. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நான் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். விடுமுறைக்கு வந்து, கோயம்புத்தூர் பக்கத்து அன்னூரில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் அந்தக் கேள்வி அப்படியே திறந்து கிடக்கிறது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை. நிறுவனத்தில் என்னென்ன மென்பொருட்கள் ஓடுகின்றன, எது எதனோடு பேசுகிறது என்பதைப் பெட்டிகளாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்து வைப்பதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதை வைத்துத்தான் என் பிழைப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் செயல்திறன் பண்புகள் இருக்கும்: கேட்டால் எத்தனை நொடியில் பதில் வருகிறது, ஒரே சமயத்தில் எத்தனை பேரைத் தாங்குகிறது, வாரத்தில் எவ்வளவு நேரம் படுத்துக்கொள்கிறது. கண்காணிப்புக் கருவி இந்த அளவுகளை எடுத்து அனுப்பும். திங்கள்தோறும் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன், எல்லாப் பெட்டிகளும் அழகான அட்டவணையாக வந்து நிற்கும். கடந்த சில வாரங்களாக அதில் ஒரே ஒரு வரிசை மட்டும் வெறுமையாக வந்துகொண்டிருந்தது. பெர்தா என்ற பெட்டி. பதில் நேரம் இல்லை, எதுவும் இல்லை. நான் விடுப்பில் கிளம்பும்போது குழுத்தலைவர் யோஸ், இப்படியே போனால் பெர்தாவைப் 'பதில் தராதவை' பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வாரம் என் மகளும் அப்படியொரு பட்டியலில் ஏறியிருந்தாள்.

மகளுக்கு இரண்டரை வயது. க்ரெஷ்ஷிலும் ஒரு அட்டவணை போடுவார்கள். தூங்கிய நேரம், தின்ற ரொட்டி, விளையாடிய பொம்மை. 'பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா' என்ற வரிசையில் ஐந்து நாளும் 'இல்லை.' லீசா என்னைத் தனியாக அழைத்து, முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டில் கூப்பிட்டால் திரும்புவாளா?"

"உடனே திரும்புவாள்" என்றேன். அது உண்மை.

அந்த உண்மைதான் வம்பாகப் போயிற்று. வீட்டில் திரும்புகிறவள் இங்கே திரும்பவில்லை என்றால் சத்தமான இடத்தில் காது கேட்கவில்லையோ என்று லீசாவுக்குச் சந்தேகம். ஒரு சோதனை செய்துவிடலாமே என்றார். அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. அவளுக்குப் பின்னால் நின்று கரண்டியைத் தட்டுவேன். திரும்பினால், கேட்டுத் திரும்பினாளா, தற்செயலாகத் திரும்பினாளா என்று யோசிப்பேன். மாசமாக இருந்தபோது ஹெட்ஃபோனை வயிற்றில் வைத்துப் பாட்டுப் போட்டேனே, அதனாலோ? எப்படியும் ஊருக்குப் போகிறோம், கோயம்புத்தூரிலேயே பார்த்துவிடுங்கள் என்று கணவர் சொல்லிவிட்டார். அவருக்கு விடுப்புக் கிடைக்காததால் நானும் மகளும் மட்டும் வந்தோம்.

மருத்துவமனைக்கு அத்தையும் கூட வந்தார். அத்தை என்றால் என் மாமியார். மயிலாத்தாள் என்பது அவர் பெயர். குழந்தைக்கு அவர் பெயரையே வைக்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை. வெளிநாட்டில் சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று மயிலா என்று சுருக்கினோம். கூட்டம் நிறைந்த வரவேற்பறை. மகள் என் மடியில் உட்கார்ந்து என் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மயிலா... மயிலா யாருங்க?"

மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அதே நொடியில் பக்கத்து நாற்காலியிலிருந்து அத்தை பையை எடுத்துக்கொண்டு விறுக்கென்று எழுந்தார்.

"நாந்தானுங்க!"

"வயசு ரெண்டரைன்னு போட்டிருக்குதுங்களே" என்றார் நர்ஸ்.

வரவேற்பறையே சிரித்தது. "எங்கூட்ல எல்லாரும் என்னைய அப்படித்தான் கூப்புடுவாங்க, பழக்கதோஷமுங்க" என்று அத்தை கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

உள்ளே டாக்டரம்மா கருவிகளை வைத்து ஒவ்வொரு காதாகப் பார்த்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காது ரொம்ப நல்லா இருக்குதுங்க. பையில என்ர செல்லு அதிர்ந்ததுக்கே திரும்பிப் பாக்கறா. எங்க, நீங்க பேரச் சொல்லிக் கூப்புடுங்க பாக்கலாம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. பக்கத்தில் அத்தை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தப் பெயரை நான் அவர் காதுபட உச்சரித்ததே இல்லை. ஏன், அவர் இல்லாதபோதும் உச்சரித்ததில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே உறைத்தது. உட்ரெக்ட் வீட்டிலும் அவள் எனக்கு அம்மணி, கண்ணு, சாமி. அவள் அப்பாவும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை; சொந்த அம்மாவைப் பெயர் சொல்லி அதட்டுவதாவது! பிறந்த நாள் முதல் அவள் பெயர் பாஸ்போர்ட்டிலும் க்ரெஷ்ஷிலும் மட்டும்தான் இருந்திருக்கிறது.

"கூப்புடு அம்மணி, நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார் அத்தை.

"மயிலா" என்றேன், அனுமதி கேட்பதுபோல.

"ம்?" என்றார் அத்தை.

மகள் ஊசி இல்லாத சிரிஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா, "ஏன் கண்ணு" என்று மெல்லச் சொன்னார். சட்டென்று திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுக்கு எதுக்குங்க ஏரோப்ளேன் ஏறி வந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

அழுதேனா சிரித்தேனா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நெதர்லாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஆசிரியையை லீசா, லீசா என்று கூப்பிடுவதைப் பார்த்து, இதென்ன மரியாதையில்லாத ஊர் என்று முதல் மாதம் முழுக்கக் கணவரிடம் புலம்பியிருக்கிறேன். என் குழுத்தலைவரையும் அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யோஸ் என்று சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு 'ங்க' தொண்டை வரை வந்து திரும்பிப் போகும். அவ்வளவு கஷ்டப்பட்டு அந்த ஊர்க்காரர்கள் பெயரையெல்லாம் சொல்லப் பழகியவள், பெற்ற மகள் பெயரைப் பழகவில்லை.

அடுத்த திங்கள் வந்தது. விடுப்பிலும் பழக்கம் விடவில்லை; அன்னூரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். வழக்கம்போல பெர்தா வரிசை வெறுமை. இந்த முறை நான் அந்த வரிசையோடு மல்லுக்கட்டவில்லை. அதற்குப் பதிலாக, அத்தையைப் போல வேறு யார் எழுந்து நிற்கிறார்கள் என்று தேடினேன். அட்டவணையின் கடைசிப் பக்கத்தில், அடுத்த வருடம் நிறுத்தப்போகிற பழைய மென்பொருளின் வரிசையில் எண்கள் பொங்கி வழிந்தன. அதன் பெயரும் பெர்தா. இரண்டு பேருக்கு வரவேண்டிய அளவுகளையும் பெரியவளே வாங்கி வைத்திருக்கிறாள்! யோஸை அழைத்துக் கேட்டேன்.

"பழைய பெர்தா பல வருடம் நன்றாக உழைத்தது. அதனால் புதியதற்கும் அதே பெயரை வைத்தோம். மரியாதைக்காக" என்றார்.

"எனக்கு நன்றாகப் புரிகிறது" என்றேன். எவ்வளவு நன்றாக என்று அவருக்குப் புரிந்திருக்காது. கருவியிலும் படத்திலும் புதியதன் பெயரைச் 'சின்ன பெர்தா' என்று மாற்றி மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். வரிசை நிரம்பியது. பதில் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு, தங்கமான பிள்ளை.

அந்தத் தைரியத்தில் அத்தையிடம் போனேன். "ஏனுங்க அத்தை, ஆணிக்கு மேல சின்ன மயிலான்னு எழுதச் சொல்லட்டுங்களா?"

"அப்ப நா பெரிய மயிலாவா? ஒடம்பச் சொல்றியாக்கும்!" என்று சிரித்தார். பிறகு அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "பேரச் சொல்லியே கூப்புட்டுப் பழகு அம்மணி. ஆனா திட்டறப்ப மட்டும் வேற ஏதாச்சும் சொல்லித் திட்டு. அத்தன தூரத்துல என்ர பேரு திட்டு வாங்குதுன்னா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

லீசாவுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். அவர் மகிழ்ச்சியோடு பதில் எழுதினார். சின்ன மயிலா இரண்டு சொல், பலகையில் கொள்ளாது; குழந்தைக்குப் பழகிய 'அம்மணி'யையே எழுதலாமே, அழகாக இருக்கிறது என்றார். எழுதலாம்தான். ஆனால் இந்த வீட்டில் நானும் அம்மணி. மாலையில் கூட்டிக்கொண்டு வரப் போகும்போது வாசலில் யாராவது அம்மணி என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவோம். மயிலா என்று எழுதினால் இன்னும் கொஞ்ச நாளைக்கு யாருமே திரும்ப மாட்டார்கள், அன்னூரில் ஒருவரைத் தவிர.

அவளுடைய தடித்த குளிர்கோட்டு இப்போது இங்கே சமையலறைக் கதவின் ஆணியில், அத்தையின் சந்தைப் பைக்கு மேலே, வேர்க்கும் வெயிலில் தொங்குகிறது. அந்த ஆணிக்கு மேல் பெயர் எதுவும் இல்லை. அது யாருடையது என்று இங்கே யாரும் கேட்டதும் இல்லை. அங்கே ஒரு ஆணி, கோட்டும் இல்லாமல் பெயரும் இல்லாமல் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விமானம். மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு வெளியூரில் குடியிருக்கும் சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் ஆணிக்கு மேல் என்ன எழுதினீர்கள்? திட்டும்போது எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள்? வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து சொல்லுங்களேன்.